கடனை அடைக்க எதை விற்பது, எதை விற்கக் கூடாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தெற்கு லண்டனில் உள்ள எங்கள் உள்ளூராட்சி சபையான குரோய்டன் கவுன்சிலின் கடன் பற்றி உங்கள் பத்திரிகையில் வந்த வாசகர் கடிதத்தைப் படித்தேன். கடன்பட்டவன் இருப்பதை விற்றுத்தான் தீர வேண்டும், கட்டடங்களையும் காணிகளையும் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்து பயன் இல்லை, எல்லாவற்றையும் விற்றுக் கணக்கை முடிக்கட்டும் என்று அந்த அன்பர் எழுதியிருந்தார். அவருடைய கோபம் எனக்குப் புரிகிறது. 2023இல் ஒரே வருடத்தில் கவுன்சில் வரியை 15 வீதம் ஏற்றினார்கள். வழக்கமாக 5 வீதம் அல்லது அதற்கு மேல் ஏற்றுவதென்றால் ஊர் மக்களிடம் வாக்கெடுப்பு நடத்த வேண்டும். எங்கள் கவுன்சிலுக்கு அரசாங்கம் விசேட அனுமதி கொடுத்து அந்த வாக்கெடுப்பு இல்லாமலே ஏற்ற விட்டது. அந்த உயர்வைக் கட்டியவர்களில் நானும் ஒருத்தி.

ஆனாலும் அவர் சொன்ன முடிவு எனக்குச் சரியாகப் படவில்லை. விற்கவே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. சிலவற்றை விற்கத்தான் வேண்டும். எதை விற்கிறோம், விற்ற காசு எங்கே போகிறது என்று கேட்காமல் விற்றால் சொத்தும் போய்விடும், கடனும் பெரிதாகக் குறையாது. இதைப் பற்றித்தான் கொஞ்சம் விரிவாக எழுத விரும்புகிறேன். நீளமாக இருந்தாலும் தயவுசெய்து வெட்டாமல் போடுங்கள்.

நான் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இந்தப் பக்கம் வந்தவள். அந்த நாட்களில் வெலஸ்லி வீதியில் இருக்கும் குடிவரவு அலுவலகமான லூனார் ஹவுஸுக்கு அலைந்த எங்கள் ஆட்களில் பலர் அப்படியே லண்டன் வீதிப் பக்கமும் தோர்ன்டன் ஹீத்திலும் வீடு எடுத்துத் தங்கிவிட்டார்கள். நானும் அப்படித்தான். ஓய்வெடுக்கும் வரைக்கும் சின்னக் கடைகளுக்குக் கணக்கு எழுதுவதுதான் என் வேலை. கடை கடனில் விழுந்தால் முதலாளி என்னிடம் வந்து முதலில் கேட்பது, “அக்கா, எதை விற்கலாம்?” என்றுதான். நான் திருப்பிக் கேட்பது, “தம்பி, கடன் எதனால் வந்தது?” என்று. அந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் எதை விற்றாலும் அடுத்த வருடமும் அவர் அதே கேள்வியோடு வந்து நிற்பார்.

குரோய்டன் கடன் எதனால் வந்தது என்பதில் ஒளிவுமறைவு இல்லை. கவுன்சிலின் கணக்காய்வாளர்களான கிராண்ட் தோர்ன்டன் நிறுவனம் 2020 ஒக்டோபரில் பொதுநலன் கருதிய அறிக்கை ஒன்றை வெளியிட்டது. பொறுப்பில் இருந்த எல்லோரையும் சேர்த்து ஒரு கூட்டுக் குருட்டுத்தனம் பிடித்திருந்தது என்ற பொருளில் அந்த அறிக்கை எழுதியது. கணக்காய்வாளர்கள் வழக்கமாக அப்படிப்பட்ட வார்த்தைகளை எழுத மாட்டார்கள். வீடு கட்டி விற்பதற்காகக் கவுன்சில் சொந்தமாகத் தொடங்கிய பிரிக் பை பிரிக் என்ற கம்பனிக்கு ஏறக்குறைய 200 மில்லியன் பவுண்ட் கடன் கொடுத்திருந்தார்கள். எதிர்பார்த்த வருமானம் திரும்பி வரவில்லை. வாடகை வருமானம் வரும் என்று வணிகக் கட்டடங்களையும் வாங்கியிருந்தார்கள்.

அறிக்கை வந்த அடுத்த மாதமே கவுன்சில் 114ஆம் பிரிவு அறிவித்தலை வெளியிட்டது. 1988ஆம் ஆண்டு உள்ளூராட்சி நிதிச் சட்டத்தில் உள்ள பிரிவு அது. கம்பனி மாதிரிக் கவுன்சில் வங்குரோத்தாகி மூடிவிட முடியாது. வரவுக்குள் செலவை அடக்க வழியில்லை என்று தலைமை நிதி அதிகாரி எழுத்தில் கொடுப்பார். அதன் பிறகு சட்டப்படி செய்தே ஆக வேண்டியவற்றைத் தவிர புதிய செலவுகள் நிற்கும். குரோய்டன் இந்த அறிவித்தலை 2020 நவம்பரிலும் டிசம்பரிலும், பிறகு 2022 நவம்பரில் மூன்றாவது தடவையாகவும் வெளியிட்டது. மூன்றாவது தடவை வந்தபோது சொல்லப்பட்ட கணக்கு, அடுத்த வருடத்துக்கு 130 மில்லியன் பவுண்ட் பற்றாக்குறை, மொத்தக் கடன் 1.6 பில்லியன்.

கவுன்சில் மட்டும்தான் பிழை என்று சொல்வது நியாயமில்லை. 2010க்குப் பிறகு மத்திய அரசாங்கம் கவுன்சில்களுக்குக் கொடுத்த மானியத்தை வருடா வருடம் குறைத்தது. லூனார் ஹவுஸ் இங்கே இருப்பதால், பெற்றோர் இல்லாமல் தனியாக வந்து தஞ்சம் கேட்ட பிள்ளைகளைப் பார்க்கும் பொறுப்பு மற்ற ஊர்களைவிடக் குரோய்டனுக்கு அதிகமாக விழுந்தது. அப்படி வந்தவர்களில் எங்கள் பிள்ளைகளும் இருந்தார்கள் என்பதை நாங்கள் மறக்கக் கூடாது.

இவ்வளவையும் சொல்வதற்குக் காரணம், இந்தப் பட்டியலில் நூலகம் எங்கேயும் இல்லை என்பதுதான். பூங்கா இல்லை, சனசமூக மண்டபம் இல்லை. கடன் வந்தது வேறு வழியில். அதை அடைக்க விற்பனைக்கு எடுப்பது மட்டும் மக்கள் நாளாந்தம் பாவிக்கும் இடங்களை என்றால் அதை நான் ஏற்க மாட்டேன்.

எங்கள் வீடுகளில் கடன் வந்தால் தாலிக்கொடியைக்கூட அடைவு வைப்பதில்லையா என்று அந்த அன்பர் கேட்டிருந்தார். வைப்போம். பெட்டிக்குள் சும்மா கிடக்கும் காப்பையும் சங்கிலியையும் விற்றும் விடுவோம். அம்மா தைத்து உழைக்கும் மெசினை எந்த வீட்டிலும் முதலில் விற்பதில்லை. கவுன்சில் சொத்திலும் இந்த இரண்டு வகையும் உண்டு. இரண்டையும் ஒரே பட்டியலில் போட்டு “சொத்து விற்பனை” என்று தலைப்பு வைப்பதைத்தான் நான் எதிர்க்கிறேன்.

விற்க வேண்டியது எது என்பதற்கு எங்கள் ஊரிலேயே உதாரணம் இருக்கிறது. கிழக்குக் குரோய்டன் ரயில் நிலையத்துக்குக் கிட்ட உள்ள குரோய்டன் பார்க் ஹோட்டலைக் கவுன்சில் 2018இல் சுமார் 30 மில்லியன் பவுண்டுக்கு வாங்கியது. ஹோட்டலை நடத்தியவர்கள் 2020இல், கொரோனா முடக்க நாட்களில், நொடித்துப் போனார்கள். வாடகை நின்றது. அடுத்த வருடம் கவுன்சில் அதைச் சுமார் 25 மில்லியனுக்கு விற்றது. 5 மில்லியன் நட்டம் என்று எல்லோரும் திட்டினார்கள். நான் அந்த விற்பனையைச் சரி என்றுதான் சொல்வேன். பிழை நடந்தது வாங்கியபோது. ஒரு கவுன்சிலுக்கு ஹோட்டல் எதற்கு? ஊர் ஆட்கள் அதில் படிக்கவில்லை, நீந்தவில்லை, கூட்டம் வைக்கவில்லை. வாடகைக்காக வாங்கிய சொத்து வாடகை தராவிட்டால், போட்ட காசு திரும்பி வரும் வரைக்கும் வைத்திருப்போம் என்று காத்திருப்பது சூதாட்டத்தைத் தொடர்வது போன்றதுதான். அந்த நாட்களில் குரோய்டன் மட்டும் இப்படிச் செய்யவில்லை. 2016இலிருந்து 2019 வரையான மூன்று நிதி ஆண்டுகளில் இங்கிலாந்தின் கவுன்சில்கள் 6.6 பில்லியன் பவுண்டுக்கு வணிகக் கட்டடங்களை வாங்கின என்று தேசிய கணக்காய்வு அலுவலகம் கணக்கிட்டது. பெரும்பாலும் மலிவு வட்டிக்குக் கடன் எடுத்து வாங்கியவை. இப்படி வாங்கியவற்றை விற்கட்டும். அதற்கு யாரும் கண்ணீர் விடத் தேவையில்லை.

அப்புறம் வருவது கணக்கு. சொத்தை விற்றால் கடன் குறையும் என்பது உண்மை. கவுன்சிலின் கை இளகுமா என்பது வேறு கேள்வி. சும்மா ஒரு உதாரணத்துக்கு, 10 மில்லியன் பவுண்டுக்கு விலை போகும் கட்டடம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். கடனுக்கு வட்டி 4 வீதம் என்றால் விற்று அடைத்தவுடன் வருடத்துக்கு 4 இலட்சம் வட்டி மிச்சம். கடனின் முதல் தொகையை அடைக்க வருடா வருடம் வருமானத்திலிருந்து ஒரு தொகையைக் கட்டாயமாக ஒதுக்க வேண்டும். 50 வருடத்தில் அடைப்பது என்று வைத்தால் அதில் 2 இலட்சம். ஆக மிச்சம் 6 இலட்சம். இப்போது அந்தக் கட்டடத்திலிருந்து திருத்த வேலை, காப்புறுதி எல்லாம் போக 7 இலட்சம் வாடகை வருகிறது என்றால், விற்பதால் ஒவ்வொரு வருடமும் 1 இலட்சம் நட்டம். 3 இலட்சம்தான் வருகிறது என்றால் 3 இலட்சம் இலாபம், உடனே விற்க வேண்டும். இதில் பெரிய வித்தை ஒன்றுமில்லை. ஒரு கடைக்காரப் பிள்ளைக்கும் விளங்கும் கணக்கு. ஒவ்வொரு கட்டடத்துக்கும் இதை எழுதி ஒரு பக்கத்தில் பொதுமக்கள் முன் வைத்தால் பாதி வாக்குவாதம் முடிந்துவிடும்.

நூலகத்துக்கோ சனசமூக மண்டபத்துக்கோ இந்தக் கணக்கைப் போட்டால் வேறு விடை வரும். அவை வாடகை தருவதில்லை, செலவுதான். உண்மை. ஆனால் ஒரு சின்ன நூலகக் கட்டடம் 1 மில்லியனுக்கு விலை போனால், மேலே சொன்ன அதே கணக்கில் வருடத்துக்கு மிச்சம் 60,000 பவுண்ட். 2022இல் சொன்ன 1.6 பில்லியன் கடனில் 1 மில்லியன் என்பது 1,600இல் ஒரு பங்கு. அந்த ஒரு பங்குக்காக ஒரு அயல் முழுவதும் தன் பொது இடத்தை இழக்கிறது. கட்டடம் கைமாறிவிட்டால், பிறகு காசு வந்தாலும் அந்த விலைக்கு அந்த இடத்தில் காணி கிடைக்காது.

2024இல் நான்கு நூலகங்களை மூடினார்கள்: பிராட்மோர் கிரீன், புரோட் கிரீன், சாண்டர்ஸ்டெட், ஷேர்லி. இதில் புரோட் கிரீன் எங்கள் பக்கம். அந்த வட்டாரத்தில் தமிழ்க் குடும்பங்கள் நெருக்கமாக இருக்கின்றன. அறை அறையாக வாடகைக்கு விடும் வீடுகளில் பிள்ளைகளுக்குப் படிக்க மேசை இருக்காது. வீட்டில் கணினி இல்லாதவர்கள் விசா விண்ணப்பம், பள்ளிக்கூட அனுமதி, பஸ் பாஸ் எல்லாவற்றுக்கும் நூலகத்துக்குத்தான் போவார்கள். என் மகள் பல்கலைக்கழகம் போகும் வரைக்கும் நூலக மேசையில்தான் படித்தாள். நூலகத்துக்குப் போகிறவர்கள் குறைந்துவிட்டார்கள் என்று சொல்லப்படுகிறது. திறந்திருக்கும் நேரத்தைக் குறைத்துக்கொண்டே வந்தால் வருகிறவர்களும் குறையத்தானே செய்வார்கள்?

நூலகத்தை மூடுவது ஒரு முடிவு, அந்தக் கட்டடத்தை விற்பது இன்னொரு முடிவு. சேவையை நடத்தக் காசு இல்லை என்று மூடினால் நாளைக்குத் திறக்கலாம். ஊர் ஆட்கள் சேர்ந்து நடத்தலாம். குறுகிய காலக் குத்தகைக்குக் கொடுக்கலாம். விற்றுவிட்டால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கும்படி எங்கள் கவுன்சிலர்களிடம் திரும்பத் திரும்பக் கேட்க வேண்டும்.

இனி, எனக்கு மிகவும் கவலை தருகிற விஷயத்துக்கு வருகிறேன். விற்ற காசு எங்கே போகிறது?

சொத்தை விற்று வரும் காசை அன்றாடச் செலவுக்கு எடுக்கக் கூடாது என்பது இந்த நாட்டில் கவுன்சில்களுக்கு உள்ள அடிப்படை விதி. ஒன்று, அதைக் கொண்டு வேறு சொத்து உருவாக்கலாம்; அல்லது கடனை அடைக்கலாம். நல்ல விதி. ஆனால் அதில் வாசல்களைத் திறந்து வைத்திருக்கிறார்கள். சேவைகளை மாற்றியமைக்கும் திட்டங்களுக்கு அந்தக் காசைப் பாவிக்க 2016இலிருந்து அனுமதி உண்டு. அதைவிடப் பெரிய வாசல் ஒன்று இருக்கிறது. நெருக்கடியில் இருக்கும் கவுன்சில் கேட்டால், அன்றாடச் செலவின் ஒரு பகுதியை மூலதனச் செலவாக, அதாவது சொத்து உருவாக்கும் செலவாக, கணக்கில் காட்ட அமைச்சர் அனுமதி கொடுக்கலாம். அப்படிக் காட்டிவிட்டால் அந்தச் செலவுக்குக் கடன் எடுக்கலாம், சொத்து விற்ற காசையும் போடலாம். குரோய்டனுக்கு 2020 நெருக்கடியின்போது இரண்டு வருடத்துக்குமாக 120 மில்லியன் பவுண்டுக்கு இப்படி அனுமதி கிடைத்தது. 2025-26 நிதி ஆண்டுக்கு மட்டும் 136 மில்லியன். ஐந்து வருடமாகியும் பள்ளம் மூடவில்லை, பெரிதாகியிருக்கிறது.

அரசாங்கம் உதவிப் பணம் கொடுக்கிறது என்று எங்கள் ஆட்கள் பலர் நினைக்கிறார்கள். அரசாங்கம் கொடுத்தது கடன் எடுக்கவும் சொத்து விற்கவும் அனுமதி. கட்டடத்தை விற்கிறார்கள், காசு வருகிறது, அந்தக் காசு இந்த வருடத்துச் சம்பளத்துக்கும் ஒப்பந்தக்காரருக்கும் போய்விடுகிறது. பத்திரிகையில் “கடனைக் குறைக்கச் சொத்து விற்பனை” என்று வரும். கடன் குறைந்திருக்காது. கூடியிருக்க வேண்டிய அளவுக்குக் கூடவில்லை என்று மட்டும் சொல்லலாம். அடுத்த வருடம் அதே பள்ளம் இருக்கும், விற்கக் கட்டடம் ஒன்று குறைந்திருக்கும்.

அந்தப் பள்ளத்தின் பெரிய பங்கு முதியோர் பராமரிப்பு, பிள்ளைகள் பராமரிப்பு, வீடில்லாதவர்களுக்குத் தற்காலிகத் தங்குமிடம் ஆகியவைதான். தங்குமிடத்தை எடுத்துப் பாருங்கள். வீடு இழந்த குடும்பத்தைத் தங்க வைப்பது கவுன்சிலின் சட்டக் கடமை. தன்னிடம் வீடு இல்லாதபோது தனியாரிடம் நாள் வாடகைக்கு அறை எடுக்கிறது. அது எவ்வளவு விலை என்பது உங்களுக்குத் தெரியும். இந்த நிலையில் வீடு கட்டக்கூடிய தன் காணியையும் சின்னச் சின்ன வீடுகளையும் விற்றால், இந்தப் பக்கம் ஒரு தடவை காசு வரும், அந்தப் பக்கம் ஒவ்வொரு இரவும் காசு போகும். 1980இலிருந்து கவுன்சில் வீடுகளைக் குடியிருந்தவர்களுக்கே விற்ற திட்டத்தில் எங்கள் குடும்பங்கள் பலவும் வீடு வாங்கின. வாங்கியவர்கள் செய்ததில் பிழை இல்லை. அந்த வீடுகளுக்குப் பதிலாகப் போதிய வீடுகளைக் கட்ட விடாததுதான் பிழை. அன்று விற்ற வீடுகளில் கணிசமான பங்கு இன்று தனியார் வாடகை வீடுகளாக இருக்கின்றன. அவற்றுக்கே பொதுப் பணம் வாடகையாகப் போகிறது.

விற்ற காசு நினைத்த இடத்துக்குப் போய்ச் சேராது என்பதற்கு இங்கேயே இன்னொரு கதை உண்டு. புதிதாக வந்தவர்களுக்குத் தெரியாது என்பதால் எழுதுகிறேன். ரேமண்ட் ரீஸ்கோ என்ற வர்த்தகர் சேர்த்த பழஞ்சீனப் பீங்கான்கள் குரோய்டன் நூதனசாலையில் இருந்தன. நகர மண்டபத்தோடு சேர்ந்த கட்டடம். யாரும் காசு கொடுக்காமல் போய்ப் பார்க்கலாம். 2013இல் அதிலிருந்து மிகச் சிறந்த 24 பொருட்களைக் கவுன்சில் தேர்ந்தெடுத்து ஹொங்கொங்கில் கிறிஸ்டீஸ் ஏலத்துக்கு அனுப்பியது. எதிர்பார்த்த விலை வரவில்லை. சில பொருட்களை எடுக்க ஆளே இல்லை. கிடைத்தது சுமார் 8 மில்லியன் பவுண்ட். பொதுச் சேகரிப்பை இப்படி விற்றதற்காக நூதனசாலை தன் தேசிய அங்கீகாரத்தையும் இழந்தது.

அந்தக் காசு எதற்கென்று சொன்னார்கள் தெரியுமா? ஃபெயர்பீல்ட் ஹோல் மண்டபத்தைப் புதுப்பிக்க. எங்கள் பிள்ளைகளின் அரங்கேற்றங்களுக்குப் பட்டுப்புடைவையோடு போய் இருந்த அதே மண்டபம். அதைப் புதுப்பிக்க 30 மில்லியன் பவுண்ட் என்று தொடங்கிய வேலை 67 மில்லியனையும் தாண்டியது. 2016இல் மூடிய மண்டபம் 2019 செப்டம்பரில்தான் திறந்தது. அந்த வேலையைப் பற்றியே கணக்காய்வாளர்கள் 2022 ஜனவரியில் இரண்டாவது பொதுநலன் அறிக்கை வெளியிட வேண்டி வந்தது. பீங்கான்களை விற்ற 8 மில்லியன் அந்தச் செலவில் எங்கே போனது என்று தேடிப் பார்த்தால் அடையாளமும் தெரியாது. மண்டபத்தைப் புதுப்பிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, எனக்கு அந்த மண்டபத்தில் உள்ள பிரியம் கொஞ்சமல்ல. ஆனால் செலவைக் கட்டுப்படுத்தத் தெரியாத கையில் விற்ற காசைக் கொடுத்தால் இதுதான் நடக்கும். முதலில் கையைக் கட்ட வேண்டும், பிறகு விற்க வேண்டும்.

விற்காமல் நீண்ட குத்தகைக்குக் கொடுக்கலாமே என்பார்கள். அது சிகாகோ நகரத்தில் நடந்தது. 2008 டிசம்பரில், நகரத்து வீதிகளில் இருந்த சுமார் 36,000 வாகனத் தரிப்பிட மீட்டர்களை 75 வருடக் குத்தகைக்கு மோர்கன் ஸ்டான்லி தலைமையிலான கூட்டத்துக்கு 1.15 பில்லியன் டொலருக்குக் கொடுத்தார்கள். வரவு செலவுத் துண்டை அடைக்க அவசரம். பேரம் சபைக்கு வந்து சில நாட்களுக்குள்ளேயே வாக்கெடுத்து நிறைவேற்றினார்கள். அடுத்த வருடம் நகரத்தின் தலைமைப் பரிசோதகர், நகரம் இன்னும் 974 மில்லியன் டொலர் பெறுமதியை விட்டுக்கொடுத்துவிட்டது என்று அறிக்கை எழுதினார். வந்த காசில் பெரும் பகுதி சில வருடங்களில் தீர்ந்தது. மீட்டர் கட்டணம் ஏறியது. வாங்கியவர்கள் போட்ட காசை ஏற்கெனவே எடுத்துவிட்டார்கள். இன்னும் அரை நூற்றாண்டுக்கு மேல் வசூல் அவர்களுக்குத்தான். வீதி விழா வைத்தோ வேறு காரணத்துக்கோ நகரம் தன் சொந்த வீதியில் தரிப்பிடத்தை மூடினால் அதற்கும் அவர்களுக்கு நட்டஈடு கொடுக்க வேண்டும். இன்று பிறக்கும் பிள்ளையும் ஓய்வூதிய வயதை நெருங்கும் வரைக்கும் அந்தப் பேரத்தைச் சுமக்கும்.

பேர்மிங்ஹாம் 2023 செப்டம்பரில் 114ஆம் பிரிவு அறிவித்தலுக்குப் போய், 750 மில்லியன் பவுண்ட் அளவுக்குச் சொத்து விற்பதென்று திட்டம் போட்டது. அங்கேயும் எங்கள் ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களும் இதே கேள்விகளைக் கேட்க வேண்டியவர்கள்தான்.

மறுபக்கத்து நியாயத்தையும் பார்க்கிறேன். விற்காமல் தள்ளிப்போட்டால் வட்டி ஏறும், அதை எங்கள் பிள்ளைகள் கட்ட வேண்டும். வெறுமையாகக் கிடக்கும் அலுவலகக் கட்டடத்துக்குக் காவலும் காப்புறுதியும் கொடுப்பது முட்டாள்தனம். 2025 ஜூலையில் அரசாங்கம் குரோய்டனுக்கு ஆணையாளர்களை நியமித்தது. அவர்கள் வந்ததே கடினமான முடிவுகளை எடுக்க வைக்கத்தான். இதெல்லாம் சரி. அதனால்தான் வாடகைக்காக வாங்கியதை விற்கச் சொல்கிறேன், வெறும் அலுவலகங்களை விற்கச் சொல்கிறேன். ஆனால் அந்தக் காசு முழுவதும் கடனின் முதலுக்குப் போனதா என்று வருடக் கணக்கில் தனி வரியாகக் காட்ட வேண்டும். இவ்வளவு பெரிய கடனில் பெரும் பகுதியைச் சொத்து விற்று அடைக்கவே முடியாது. அதற்கு மானியமோ கடன் மீளமைப்போ அரசாங்கம்தான் தர வேண்டும். அதைக் கேட்காமல் உள்ளூர் மண்டபத்தின் மேல் கண் வைப்பது வேண்டாம்.

இனி எங்கள் ஆட்களுக்கு ஒரு வேண்டுகோள். கவுன்சில் காணியை விற்கும்போது கிடைக்கக்கூடிய நல்ல விலைக்கே விற்க வேண்டும் என்று 1972ஆம் ஆண்டு உள்ளூராட்சிச் சட்டத்தின் 123ஆம் பிரிவு சொல்கிறது. அதனால் ஒரு முதியோர் சங்கமோ தமிழ்ப் பள்ளிக்கூடமோ அடுக்குமாடி கட்டுகிறவரோடு போட்டிபோட்டு வெல்ல முடியாது என்று நினைத்து நாங்கள் ஒதுங்கிவிடுகிறோம். ஒதுங்கத் தேவையில்லை. அந்தப் பகுதியின் சமூக, பொருளாதார, சுற்றாடல் நன்மைக்காக என்றால், சந்தை விலையிலிருந்து 2 மில்லியன் பவுண்ட் வரைக்கும் குறைத்துக்கூடக் கொடுக்கலாம் என்று 2003இல் பொது அனுமதி இருக்கிறது. கவுன்சில் கொடுத்தே ஆக வேண்டும் என்று கட்டாயமில்லை. கேட்காதவருக்கு நிச்சயமாகக் கிடைக்காது.

2011ஆம் ஆண்டு உள்ளூர்வாதச் சட்டம் இன்னொரு வழி தருகிறது. ஊர் மக்கள் பாவிக்கும் ஒரு கட்டடத்தைச் சமூகப் பெறுமதியுள்ள சொத்து என்று பதியும்படி நாங்கள் விண்ணப்பிக்கலாம். பதிவு செய்த சங்கம் இருந்தால் நல்லது. இல்லாவிட்டாலும் வாக்காளர் பட்டியலில் உள்ள 21 பேர் சேர்ந்த உள்ளூர்க் குழு போதும். ஒரு பிறந்தநாள் விழாவுக்கு எங்களுக்கு அதைவிட ஆட்கள் வருகிறார்கள். பதிந்துவிட்டால் அது ஐந்து வருடம் பட்டியலில் இருக்கும். விற்க முயன்றால், ஆறு வாரத்துக்குள் பதிவு செய்த உள்ளூர்ச் சங்கம் ஒன்று வாங்க விருப்பம் தெரிவித்தால், காசு சேர்க்க மொத்தம் ஆறு மாத அவகாசம் கிடைக்கும். எங்களுக்கே விற்க வேண்டும் என்ற கட்டாயம் இதிலும் இல்லை. ஆனால் யாருக்கும் தெரியாமல் இரவோடிரவாக விற்பதை அது தடுக்கும். சனி, ஞாயிறுகளில் தமிழ் வகுப்பும் நடன வகுப்பும் முதியோர் சந்திப்பும் நடக்கும் மண்டபங்களில் எது எது கவுன்சிலுக்குச் சொந்தம் என்று நிர்வாகக் குழுக்கள் இப்போதே பார்த்து வைக்கட்டும். விற்பனைப் பலகை தொங்கிய பிறகு விண்ணப்பம் எழுதத் தொடங்கினால் நேரம் போதாது.

கணக்கு எழுதத் தெரிந்தவர்களுக்கும் வேலை இருக்கிறது. ஒவ்வொரு வருடமும் 30 வேலை நாட்களுக்குக் கவுன்சிலின் கணக்குப் புத்தகங்களையும் ஒப்பந்தங்களையும் பற்றுச்சீட்டுகளையும் போய்ப் பார்க்க உள்ளூர்வாசிகளுக்குச் சட்டப்படி உரிமை உண்டு. வாக்காளராக இருந்தால் கணக்காய்வாளரிடம் கேள்வி கேட்கலாம், ஆட்சேபமும் தெரிவிக்கலாம். எங்களுக்குள் எத்தனை கணக்காளர்கள் இருக்கிறார்கள்! விற்ற கட்டடத்தின் காசு எந்தத் தலைப்பில் வந்தது, எந்தத் தலைப்பில் போனது என்று கேட்க ஒரு இளம் பிள்ளை முன்வந்தால், கூடப் போய் உட்கார நான் தயார்.

கூட்ட அறிக்கைகள் கூட்டத்துக்கு ஐந்து வேலை நாட்களுக்கு முன்பே கவுன்சில் இணையத்தளத்தில் வர வேண்டும். அதில்தான் எந்தக் கட்டடம் விற்பனைக்குப் போகிறது என்று இருக்கும். விலை விவரத்தை வணிக இரகசியம் என்று மூடிய பகுதிக்குள் வைத்துவிடுவார்கள்; கட்டடத்தின் பெயர் வெளியில் இருக்கும். ஆங்கிலத்தில் நூற்றுக்கணக்கான பக்கங்களுக்குள் அதைத் தேடி எடுக்க எங்கள் முதியவர்களால் முடியாது. ஆசிரியர் அவர்களே, இப்படிப்பட்ட பட்டியல் வரும் ஒவ்வொரு தடவையும் கட்டடத்தின் பெயர், இடம், கூட்டம் நடக்கும் திகதி, அந்த வட்டாரக் கவுன்சிலருக்கு எழுத வேண்டிய முகவரி ஆகியவற்றை உங்கள் பத்திரிகையில் தமிழில் ஒரு சிறு பெட்டியாகப் போட முடியுமா? பட்டியலைத் தேடி எடுத்து அனுப்பும் வேலையை நான் செய்து தருகிறேன்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
தோர்ன்டன் ஹீத்